மாமனாரின் எடை

டேப்பக்காவிடம் தன் எடையைக் குறைத்துச் சொல்லித் தப்பித்தவர் அந்தக் கடல் ஆய்வு நிலையத்தில் ஒருவரும் இல்லை. இருந்தாலும் புதிதாக வருகிறவர்கள் முயன்று பார்ப்பார்கள். "எழுபதுதான்க்கா" என்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு ஒருவர் சொன்னால், அவள் தலையிலிருந்து கால்வரை ஒரே ஒரு பார்வை பார்ப்பாள். "எழுபதா? எலும்பையெல்லாம் கழட்டி வச்சப்புறமா?" என்பாள். ஆள் எண்பத்திரண்டு என்று ஒப்புக்கொண்டு இடத்தைக் காலி செய்துவிடுவார். அவளுடைய எடை எவ்வளவு என்று மட்டும் இன்றுவரை யாரும் கேட்டதில்லை. அவள் வீட்டுக்காரருக்கே அந்தத் துணிச்சல் வந்ததில்லை.

இருபது வருடம் தையல்காரியாக இருந்தவள். ஆள் வாசலில் வந்து நிற்கும்போதே மார்பு, இடுப்பு, தோள் மூன்றும் கண்ணுக்குள் விழுந்துவிடும். கழுத்தில் மஞ்சள் நிற இன்ச் டேப் எப்போதும் மாலைபோலக் கிடக்கும், அதனால்தான் அந்தப் பெயர். நிலையத்துக்கு அவள் முதலில் வந்தது கூடாரத் துணி தைக்கத்தான். ஒருநாள் நூல் வாங்கிக்கொண்டு போக வந்தவள், கம்ப்யூட்டர் திரையில் ஒரு பெரிய விலங்கின் உருவத்தைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டிருந்த ஆளின் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தாள். வாய் சும்மா இருக்குமா? "சார், கழுத்துக்குக் கீழ அதையும் சேத்துட்டீங்க. அது வெறும் தோல் மடிப்பு, சதை இல்ல" என்றாள். அவர் திரும்பிப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார், எழுந்து நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார். ஆறு வருடமாக அந்த நாற்காலி அவளுடையது.

வேலை இதுதான்: கடல்யானைகளின் எடையைச் சொல்வது. கடல்யானை என்றதும் தந்தத்தைத் தேடாதீர்கள். சீல் என்கிறோமே, கடல்நாய், அந்தக் குடும்பத்தில் பெரியது. ஆணுக்கு மூக்கு நீண்டு வாய்மேல் தொங்கும். நீளத்தில் ஒரு கார் இருக்கும், எடையில் காரையும் மிஞ்சும். வருடத்தில் இரண்டு மாதம் கரையேறி வந்து, ஒரு வாய் தின்னாமல் கிடந்து, சண்டை போட்டு, குட்டி போட்டு, மறுபடி கடலுக்குப் போய்விடும். வரும்போது எவ்வளவு கொழுப்போடு வருகிறது என்று தெரிந்தால், அந்த வருடம் கடல் அவற்றுக்கு நன்றாகச் சோறு போட்டதா இல்லையா என்று தெரியும்.

தராசில் ஏற்றிப் பார்த்தால் போச்சு என்பீர்கள். யார் ஏற்றுவது? நீங்கள் வருகிறீர்களா? பக்கத்தில் போனாலே வாயைப் பிளந்துகொண்டு எழும்பும். அதனால் படம் எடுக்கிறார்கள். அது நன்றாகத் தூங்கும்போது ஒருவர் ஊர்ந்து போய், சிவப்பும் வெள்ளையுமாகப் பத்துப் பட்டை அடித்த ஒரு மரக்குச்சியை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு ஊர்ந்தே திரும்பி வருவார். குச்சி இரண்டு மீட்டர். மேலேயிருந்து டிரோன் ஒரு படம், பக்கவாட்டில் கேமரா ஒரு படம். குச்சியை வைத்து விலங்கின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கண்டுபிடிக்கலாம். பிறகு டேப்பக்கா திரையில் அதை ரொட்டி மாதிரி துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் எவ்வளவு பருமன் என்று கணக்குப் பார்த்துக் கூட்டினால் எடை வந்துவிடும். உடம்பில் ஊசி குத்தாமல், கயிறு கட்டாமல், அதன் தூக்கத்தைக்கூடக் கெடுக்காமல் செய்கிற வேலை. அவளுக்கு அதில் அத்தனை பெருமை.

நிலையத்தின் தலைவரை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் 'தசமம் சார்' என்பார்கள். படகு பத்து மணிக்கு வரும் என்று யாராவது சொன்னால், "பத்துன்னா? பத்து புள்ளி எவ்வளவு?" என்று கேட்கிற ஆள். நல்லவர்தான். ஆனால் பாதியாகச் சொன்ன எதையும் அவர் மனசு ஏற்காது.

இனி மாமனார். கரைக்கு வருடாவருடம் வருகிற ஓர் ஆண் கடல்யானையின் பெயர் அது. வலது துடுப்பில் ஒரு பிறை வடிவத் தழும்பு, அதை வைத்து அடையாளம் தெரியும். கரையின் நட்டநடுவில் படுத்துக்கொண்டு, வருகிறவன் போகிறவனையெல்லாம் பார்த்து உறுமி, தனக்கு ஒன்றுமே வேண்டாம் என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, நல்ல இடமெல்லாம் தானே அமுக்கிக்கொள்ளும். முதல் வருடம் பார்த்தவுடனேயே டேப்பக்கா, "அப்படியே எங்க மாமனாரு" என்றாள். பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரரிடம் படத்தைக் காட்டினாள். பெயின்டர், நிதானமான மனுஷன். உற்றுப் பார்த்துவிட்டு, "எங்கப்பாவுக்கு இவ்வளவு மூக்கு இல்ல" என்றார். மற்றதை அவர் மறுக்கவில்லை.

ஐந்து வருடமாக அவள் மாமனாரின் எடையை எழுதிவருகிறாள். அதன்மேல் அவளுக்குப் பாசம், மறைக்க ஒன்றுமில்லை. வருகிற தேதி தள்ளிப்போனால் சன்னல் பக்கமே நிற்பாள்.

இந்த வருடம் மாமனார் கழுத்தில் சுருக்கோடு வந்தது. மீன்பெட்டி கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை. எந்தக் கப்பலில் இருந்து யார் எறிந்தார்களோ, நல்லா இருப்பார்களா? கழுத்தைச் சுற்றி இறுகி, தோலைக் கிழித்துச் சதைக்குள் போய்விட்டிருந்தது. அப்படியே விட்டால் அடுத்த வருடம் அது வராது. வெட்டி எடுக்க வேண்டும், வெட்டுவதற்கு முதலில் தூங்க வைக்க வேண்டும். அதற்காக நகரத்திலிருந்து விலங்கு மருத்துவர் ஒருவர் வந்தார். நாற்பது வயதுப் பெண், கைப்பை ஒன்று, மருந்துப் பெட்டி இரண்டு, வீண் பேச்சு கிடையாது.

"எடை எவ்வளவு?" என்றுதான் முதலில் கேட்டார்.

டேப்பக்கா அன்று மதியம் எடுத்த படத்தைத் திரையில் வெட்டிக் கூட்டி வைத்திருந்தாள். "ஆயிரத்தெண்ணூத்தித் தொண்ணூறு கிலோ, டாக்டரம்மா."

"பாத்துச் சொல்லுங்க. மருந்து கூடிப்போனா மூச்சு விடறதையே மறந்துடும். குறைஞ்சுபோனா பாதித் தூக்கத்துல எந்திரிச்சுத் தண்ணிக்குள்ள போயிடும், அங்க தூங்கி முழுகிடும். உங்க நம்பரை நம்பித்தான் நான் ஊசியை எடுக்கறேன். நாளைக்குப் பத்து மணிக்குக் கடல் உள்வாங்கும், அப்போ போடறோம்."

பக்கத்தில் நின்ற தசமம் சாருக்கு முகமெல்லாம் பல். "இந்த வருஷம் எல்லாமே பெருத்திருக்கு, டாக்டர். அளந்த அறுபத்துமூணும்! போன வருஷத்தைவிட ஆறுல ஒரு பங்கு கூட. கடல்ல மீன் கொட்டிக் கிடக்குதுன்னு அர்த்தம். அடுத்த வாரம் கூட்டத்துல படிக்கப்போறேன்" என்றார்.

டேப்பக்கா தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். ஆனால் மனசு ஆறவில்லை. போன வருடம் மாமனார் ஆயிரத்து அறுநூற்றைம்பது. காயத்தோடு கடலில் அலைந்த ஒரு விலங்கு எப்படி இருநூற்று நாற்பது கிலோ ஏறும்? படத்தை வெட்டும்போதே அவள் கண் 'இவ்வளவு இல்லையே' என்றது. திரை இல்லை இல்லை இவ்வளவுதான் என்றது. கண்ணா திரையா என்றால் சம்பளம் வாங்குகிற இடத்தில் திரைதான் என்று எழுதிவிட்டாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏங்க, கழுத்துல சுருக்கை மாட்டிக்கிட்டு எவனாவது தொந்தி போடுவானா?"

"நான் போடலையா?" என்றார் பெயின்டர்.

சிரிப்பு வந்துவிட்டது. கையில் கிடைத்த துண்டால் அவரை ஒரு அடி போட்டாள். அவர் தொண்ணூறு கிலோ, அவள் சொன்ன கணக்கு. சிரித்தபிறகும் அந்தச் சின்ன நெருடல் போகவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நிலையத்தின் சாமான் அறையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அளவுக் குச்சியை உறையில் போடுவது டேப்பக்காவின் வேலை, உறையும் அவள் தைத்ததுதான். மூன்று வருடத்துக்கு முன் கெட்டித் துணியில் தைத்தது. குச்சி உள்ளே போனால் விரல் நுழைய இடம் இருக்காது, வாயில் நாடா போட்டு இழுத்துக் கட்டினால் நுனிக்குத் தொப்பி போட்ட மாதிரி நிற்கும். இந்த வருடம் முழுக்க அந்த வாய் ஒரு கையகலம் தொளதொளவென்று தொங்கியது. துணி நைந்து தொய்ந்துவிட்டது என்று நினைத்து, மடித்து மடித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். நேற்றுதான் அதைத் துவைத்துப் போட்டிருந்தாள்.

கட்டப்போன கை அப்படியே நின்றது.

கெட்டித் துணி துவைத்தால் சுருங்கும். எந்தத் துணி துவைத்து நீண்டிருக்கிறது? இருபது வருடம் தைத்தவளுக்கு இது தெரியாமல் போச்சே! நாலு தடவை துவைத்த உறை பத்தாமல் போயிருக்க வேண்டும். மிச்சம் தொங்குகிறதென்றால், நீண்டது உறை இல்லை.

குச்சியை உருவித் தரையில் போட்டு, கழுத்து டேப்பை எடுத்து அளந்தாள். நூற்றித் தொண்ணூறு சென்டிமீட்டர். இன்னொரு தடவை அளந்தாள். நூற்றித் தொண்ணூறு. பட்டைகளை எண்ணினாள். சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று சரியாகப் பத்து இருந்தது. இருபது இருபதாக இருக்க வேண்டிய ஒவ்வொரு பட்டையும் பத்தொன்பது.

கரை சீசன் தொடங்குவதற்கு முன்னால், வெளிறிப்போயிருந்த குச்சியை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் புது வண்ணம் அடித்துக் கொண்டுவந்தது வேறு யாருமில்லை, அவளேதான். அடித்துக் கொடுத்தது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

போனை எடுத்தாள். "ஏங்க, அந்த அளவுக் குச்சிக்குப் பெயின்ட் அடிச்சீங்களே, அதுல ஏதாவது வெட்டினீங்களா?"

"நுனி லேசாப் பிளந்திருந்துச்சும்மா. பிளந்த மரத்துல பெயின்ட் நிக்காது, தண்ணி இறங்கிடும். அதான் ஒரு சின்னத் துண்டு எடுத்துட்டு, மிச்சத்தைப் பத்து சமமாப் பிரிச்சு, நூல் புடிச்சு அடிச்சேன். ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்காது." அவர் குரலில் தொழில் பெருமை. பிறகு கொஞ்சம் கவலை. "ஏன், உரிஞ்சிடுச்சா?"

இப்படி ஒரு நல்ல மனுஷனை என்ன செய்ய? "உரியல. வைங்க. சாயங்காலம் வந்து பேசிக்கறேன்" என்றாள். அந்த வாக்கியத்தைக் கேட்ட எந்தப் புருஷனுக்கும் அன்றைக்கு வேலை ஓடாது.

கணக்கு நேரானது. குச்சி இருபதில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது, அதனால் திரையில் ஒவ்வொரு விலங்கும் நீளத்தில் அவ்வளவு கூடிவிட்டது. அகலத்திலும் கூடிவிட்டது, உயரத்திலும் கூடிவிட்டது. மூன்றும் சேர்ந்தால் எடையில் ஆறில் ஒரு பங்கு உப்பிவிடும். மாமனார் ஆயிரத்தெண்ணூற்றுத் தொண்ணூறு இல்லை, ஆயிரத்து அறுநூற்றிருபது. நடுவில் இருநூற்றெழுபது கிலோ. சரியாக மூன்று பெயின்டர்கள்.

கரையில் மருத்துவர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். தசமம் சார் குறிப்பேட்டோடு நின்றார். நூறு அடி தள்ளி மாமனார் மணலில் கிடந்து குறட்டை விட்டது, கழுத்துக் காயத்தில் ஈ மொய்த்தது. டேப்பக்கா மணலில் ஓட முடியாமல் ஓடி வந்து மூச்சு வாங்கினாள்.

"டாக்டரம்மா, நம்பர் தப்பு. ஆயிரத்து அறுநூத்தியிருபது."

மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். "ராத்திரியில இருநூத்தெழுபது கிலோ இளைச்சிடுச்சா?"

"குச்சி பத்து சென்டிமீட்டர் குறைச்சல். பெயின்ட் அடிக்க எங்க வீட்டுக்குத்தான் கொண்டுபோனேன், அங்க எங்க வீட்டுக்காரரு நுனியை வெட்டியிருக்காரு. திரும்பி வந்ததும் நான் அளந்து பாக்கல. பொறுப்பு என்னுது."

தசமம் சாரின் பேனா நின்றது. அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. "அப்போ மத்ததெல்லாம்?"

"எல்லாமேதான் சார். அறுபத்துமூணும். எதுவும் பெருக்கல. போன வருஷம் மாதிரியேதான் இருக்கு."

அவர் குறிப்பேட்டைப் புரட்டினார். "நாளைக்கு ஒத்திப் போடலாம். புதுக் குச்சி வச்சு மறுபடி படம் எடுத்து..."

"நாளைக்கு இது இங்க இருக்கும்னு யார் சொன்னது? அந்தக் காயத்தைப் பாத்தீங்களா?" என்றார் மருத்துவர். பிறகு டேப்பக்காவிடம் திரும்பினார். "ஆயிரத்து அறுநூத்தியிருபது. நேத்தும் இப்படித்தான் நிச்சயமாச் சொன்னீங்க."

நியாயமான கேள்வி. ஊசி அவர் கையில், உயிர் மாமனாருடையது, நம்பர் அவளுடையது. டேப்பக்கா மாமனாரைப் பார்த்தாள். வாசலில் வந்து நிற்கிற ஆளைப் பார்ப்பதுபோல மூக்கிலிருந்து வால் துடுப்புவரை ஒருமுறை பார்த்தாள். "நேத்து திரை சொன்னதை நான் சொன்னேன், என் கண்ணு ஒத்துக்கல. இன்னிக்கு ரெண்டும் ஒண்ணாச் சொல்லுது. போடுங்க."

மருத்துவர் ஊசியிலிருந்து மருந்தைக் குறைத்தார்.

நீண்ட கம்பின் முனையில் மாட்டிய ஊசி மாமனாரின் இடுப்பில் இறங்கியது. அது தலையைத் தூக்கி ஒரு சத்தம் போட்டது, இரண்டடி நகர்ந்தது, கண் சொக்கிப் படுத்தது. பதினைந்து நிமிடத்தில் முழுத் தூக்கம். மருத்துவர் கொக்கிக் கத்தியோடு கழுத்தருகே மண்டியிட்டார். அப்போதுதான் அது மூச்சை நிறுத்தியது.

"பயப்படாதீங்க. இதுங்க தூக்கத்துல மூச்சு அடக்கும். அஞ்சு நிமிஷம்வரை வழக்கம்தான். யாராவது எண்ணுங்க" என்றார் மருத்துவர்.

டேப்பக்கா கழுத்திலிருந்த டேப்பை எடுத்தாள். அறுபது இன்ச். ஒரு இன்சுக்கு ஒரு நொடி என்று விரல்களுக்கிடையே நகர்த்தினாள். ஒரு டேப் ஒரு நிமிடம். முதல் டேப் ஓடியது. இரண்டாவது ஓடியது. கழுத்துப் பட்டையின் ஒரு பக்கம் அறுந்தது. மூன்றாவது டேப்பில் அவள் கை வியர்த்து வழுக்கியது. நான்காவதில் தசமம் சார் குறிப்பேட்டை மூடிவிட்டு, "எத்தனை?" என்றார். முதல்முறையாகப் புள்ளி கேட்கவில்லை. ஐந்தாவது டேப் தொடங்கியபோது மருத்துவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு செயற்கை மூச்சு கொடுக்கிற குழாயைக் கையில் எடுத்தார். பத்து இன்ச். இருபது. முப்பது. 'எந்திரி மாமா, எந்திரிச்சு என்னைத் திட்டு' என்று டேப்பக்கா மனசுக்குள் கெஞ்சினாள். நாற்பத்தொன்றில், பழைய பஸ்ஸின் கதவு திறக்கிற சத்தத்தோடு மாமனார் மூச்சு விட்டது. அழுகிய மீன் வாடை மூவர் முகத்திலும் அடித்தது. அதைவிட நல்ல வாசனையை டேப்பக்கா வாழ்நாளில் முகர்ந்ததில்லை.

பட்டை முழுசாக வந்துவிட்டது. காயத்தைக் கழுவி மருந்து போட்டார்கள். மயக்கம் தெளிவதற்குள் டேப்பக்கா ஒரு காரியம் செய்தாள். ஆறு வருடத்தில் முதல்முறையாக ஒரு பெரிய ஆணின் பக்கத்தில் குனிந்து, மூக்கிலிருந்து வால்வரை தன் சொந்த டேப்பால் அளந்தாள். திருத்திய கணக்குப்படி மூன்று புள்ளி ஒன்பது மீட்டர் இருக்க வேண்டும்.

"எவ்வளவு?" என்றார் தசமம் சார்.

"மூணு புள்ளி ஒன்பது ஒண்ணு, சார்."

காலையிலிருந்து தொங்கிப்போயிருந்த அவர் முகத்தில் சின்ன வெளிச்சம் வந்தது. கூட்டத்தில் படிக்க வைத்திருந்த தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நாலாகக் கிழித்தார். "போன வருஷம் மாதிரியேதான் இருக்குன்னா, அதுவும் கெட்ட செய்தி இல்ல" என்றார்.

மருத்துவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே டேப்பக்காவிடம் சொன்னார்: "நேத்து நம்பருக்குப் போட்டிருந்தா அந்த மூச்சு வந்திருக்குமான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேணாம்."

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது பெயின்டர் குளித்து, சட்டை மாற்றி, டீ போட்டு வைத்துவிட்டு, விசாரணைக்கு வந்தவர் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அவள் முழுக் கதையையும் சொன்னாள். ஒன்றையும் குறைக்கவில்லை, டேப் ஐந்து முறை ஓடியதையும் சேர்த்துத்தான். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இப்போ எப்படியிருக்கு?"

"முழிச்சாச்சு. முழிச்சதும் எங்க மூணு பேரையும் பாத்து ஒரு உறுமல். ஒரு நன்றி உண்டா?"

"எங்கப்பாவேதான்" என்றார் பெயின்டர், தரையைப் பார்த்துக்கொண்டே.

"அது கிடக்கட்டும். வெட்டின துண்டு எங்க?"

அவர் கண் மெதுவாக அறையின் மூலைக்குப் போனது. அங்கே அவளுடைய தையல் மிஷின். கால் ஒன்று குட்டையாகி, வருடக்கணக்கில் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்த மிஷின். கரை சீசனுக்கு முன்னால் ஒருநாள் திடீரென்று ஆட்டம் நின்றது. "என்ன மாயம் பண்ணீங்க?" என்று கேட்டு, அன்றைக்கு அவருக்கு ஒரு டீ கூடுதலாகப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

டேப்பக்கா மண்டியிட்டுக் குனிந்து பார்த்தாள். மிஷின் காலுக்கடியில், பழைய சிவப்பு வண்ணம் பாதி உதிர்ந்து, ஒரு மரத்துண்டு. கழுத்து டேப்பை எடுத்து அளந்தாள். பத்து சென்டிமீட்டர், மயிரிழை கூடவுமில்லை, குறையவுமில்லை. கடலெல்லாம் மீன் கொட்டிக் கிடக்கிறது என்று அறிவிக்கப் பார்த்த பத்து சென்டிமீட்டர், மாமனார் உயிரைக் கொண்டுபோகப் பார்த்த பத்து சென்டிமீட்டர், இத்தனை நாளும் அவள் கால்மாட்டிலேயே கிடந்து, மிஷின் ஆடாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. தரையிலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், அந்த ஐந்தாவது டேப் ஞாபகம் வந்ததும் அழுதுவிட்டாள். பெயின்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் துண்டை எடுத்துடட்டுமா?" என்றார்.

டேப்பக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேணாம், இருக்கட்டும். நாளைக்குப் புதுக் குச்சி வருது. இரும்பு. அதுக்கு ரெண்டு மீட்டர்ல உறை தைக்கணும், மிஷின் ஆடக் கூடாது."

அவர் தலையாட்டினார். பிறகு, பழக்கதோஷம், வாயை விட்டார். "இரும்புன்னா முதல்ல ஒரு ப்ரைமர் அடிச்சுட்டு..."

அவள் டேப்பை எடுத்து அவர் கழுத்தைச் சுற்றி மாட்டி, லேசாக ஒரு இழு இழுத்தாள். "கிட்ட வந்தீங்க, உங்க எடையை ஊர் பூரா சொல்லிடுவேன்."